ஆறுதலாய்த் தோண்டிய குழி

கௌசி, நிரோ, இரண்டு பேரும் கைத்தொலைபேசியைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு இதை வாசியுங்கள். சனிக்கிழமை தவறாமல் உங்களைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அதற்குப் பலனை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

கௌசி, நீ இப்போது நகரசபையின் பூங்கா அலுவலகத்தில், நான் ஓய்வு பெற்ற அதே கட்டடத்தில், அனுமதி கொடுக்கிற மேசையில் இருக்கிறாய். நிரோ, நீ வருகிற மாதம் அதே பூங்காவில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைத் தொடங்குகிறாய். ஆகவே நீங்கள் என் பிள்ளைகள் மட்டுமல்ல, என் வேலைக்குப் பின்னால் வந்தவர்களும்தான். எந்த மாதத்தில் எந்த விதை, எந்த இயந்திரத்துக்கு எந்த எண்ணெய் என்பதெல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். நான் ஓ.எல். சோதனைக்கு முதலே பள்ளிக்கூடத்தை விட்டவன். பாடம் நடத்த எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்லத் தெரியும். அதுவும் ஒரு சொல்லால் நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கௌசிக்கு மூன்று வயது, நிரோ இன்னும் பிறக்கவில்லை. எங்கள் பெரிய பூங்காவுக்குப் பின்னால் ரயில் தரிப்பிடம் இருக்கிறது அல்லவா? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதற்குப் போட்ட குண்டுகளில் பாதி குறி தவறி பூங்காவில் விழுந்தனவாம். பொறுக்கி எடுத்தது போக மீதி மண்ணுக்குள். அந்த மண்ணில்தான் உலோகம் தேடும் கருவியோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நீளத் தடி, அடியில் ஒரு வட்டத் தட்டு, தலையில் மாட்டிய காதொலிப்பான். பழைய நாணயம், பொத்தான், பதக்கம் என்று தேடிக் கிண்டுவார்கள், திங்கட்கிழமை நான் புல் வெட்டப் போனால் புல்வெளி பன்றி கிண்டின மாதிரிக் கிடக்கும்.

தடை போட்டால் களவாய் வருவார்கள் என்று நகரசபைக்குத் தெரியும். அதனால் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார்கள். அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுக்க வேண்டும், அரை நாள் பயிற்சிக்கு வர வேண்டும், பிறகு மஞ்சள் நிற அட்டை ஒன்று கிடைக்கும். குறித்த புல்வெளிகளில் மட்டும், ஒரு கை ஆழம் மட்டும். கிண்டின குழியை மூட வேண்டும்.

எங்கள் மேலாளர் ஒரு பெண். எல்லாரும் ஷெஃபின் என்றுதான் கூப்பிடுவோம். குறைவாகப் பேசுகிறவர், நிறையப் பார்க்கிறவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“ஹெர் ராசா, இங்கே குழி மூடுவதில் உங்களைப்போல் ஆள் இல்லை. மூடத் தெரிந்தவருக்கு எங்கே தோண்டக்கூடாது என்றும் தெரிய வேண்டும். பயிற்சிக்குப் போங்கள். இனி அனுமதிக்காரர்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

இராசநாயகம் என்ற என் பெயரை அவர்கள் ராசா என்று வெட்டி, முன்னால் ஹெர், அதாவது திரு, போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு அதில் குறை இருக்கவில்லை.

பயிற்சி தந்தவர் குண்டுகளை அகற்றுகிற பிரிவில் இருந்து வந்த பெரிய உடம்புக்காரர். தடித்த மீசை. கால்சட்டைப் பையில் முள்ளங்கி வைத்துக்கொண்டு கறுக்குமுறுக்கென்று கடித்தபடியே கதைப்பார். ஒரு துண்டு நிலத்தில் நாணயம், ஆணி, போத்தல் மூடி என்று புதைத்து வைத்துவிட்டு எங்களைத் தேட விட்டார். பிள்ளைகளே, அந்த முதல் சத்தம்! காதுக்குள் ஒரு குருவி விழித்துக்கொண்ட மாதிரி. நான் முழங்காலில் விழுந்து கிண்டினேன். பத்து பெனிக் நாணயம். அதை அவரே புதைத்தார் என்று தெரிந்தும் புதையல் எடுத்தவன் போல் துள்ளினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற நேரம் முழுக்க அதே கதை. உங்கள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னா:

“உந்தத் தடியாலை என்ரை தோட்டுச் சுரை எங்க விழுந்ததெண்டு ஒருக்காப் பாருங்கோவன். அது உங்கட புதையலிலும் பெறுமதி.”

பயிற்சியில் மீசைக்காரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு விதியைச் சொன்னதும் “விளங்கியதா?” என்று கேட்க மாட்டார். “என்ன விளங்கியது, சொல்லுங்கள்” என்று கேட்பார். டாக்டர் என்றாலும், ஓய்வுபெற்ற நீதவான் என்றாலும் ஒவ்வொருவரும் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குக் கையெழுத்து இல்லை.

என் முறை வந்தது. ஆபத்து விதிகள் எழுதிய தாளை வாசித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் படபடப்பில் வாய் தவறி “ஓம்” என்றேன்.

அவர் மீசை நின்றது. “எத்தனை ஓம்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு ஓம் என்றால் மின்சாரத் தடையை அளக்கிற அளவு. என் மொழியில் அது ‘யா’, ஆமாம், என்று விளக்கினேன். அவருக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. கண்ணைத் துடைத்தார், என் முதுகில் தட்டினார், என் தாளில் கையெழுத்துப் போட்டார். நானும் கீழே ‘விளங்கிக்கொண்டேன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயரை வைத்தேன். அந்தச் சிரிப்பில் அவர் என்னிடம் திருப்பிக் கேட்க மறந்துபோனார்.

எனக்கும் அது நிம்மதியாய்த்தான் இருந்தது. ஏனென்றால், எனக்கு எல்லாம் விளங்கியிருக்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் கதைக்கும்போது “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அதற்கு அர்த்தம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ’ என்பது மட்டுமே. ஜெர்மன்காரர் ‘யா’ என்றால் அது கையெழுத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி எவ்வளவு என்று எனக்கு அடுத்த கோடையில்தான் தெரிந்தது.

அந்தக் கோடையில் எங்கள் ஆட்களின் விளையாட்டுப் போட்டி பூங்காவில் நடந்தது. கயிறிழுத்தலுக்கு நல்ல வடம் வேண்டும் என்றார்கள். மரம் விழுத்தும்போது கட்டி இழுக்கிற தடித்த கயிறு எங்கள் கொட்டிலில் இருந்தது. ஷெஃபினிடம் கேட்டு நான்தான் கொடுத்தேன். போட்டி முடிந்து கயிற்றைச் சுருட்டித் திரும்பவும் கொட்டிலில் போட்டேன்.

அடுத்த நாள் சூசையண்ணை என்னைத் தேடி வந்தார். மன்னாரில் உபதபால் அதிபராய் இருந்தவர், இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நாங்கள் யாரும் காலுக்கு மேல் கால் போட்டு இருக்க மாட்டோம். அப்படி ஒரு மனிதர். அவர் இடது கையை என் முன்னால் நீட்டினார். மோதிர விரலில் வெள்ளையாய் ஒரு வட்டம் மட்டும்.

“கயிறிழுக்கேக்க கழண்டு போட்டுது தம்பி. நூறு பேர் மிதிச்ச இடம். பத்துத் தரம் தேடிட்டன்.”

“புது மோதிரம் ஒண்டு...”

“விசர்க் கதை கதையாதேங்கோ. கோயில்லை மந்திரிச்சுப் போட்டது. உள்ளுக்கு அவவின்ரை பேர் வெட்டியிருக்கு.” அந்த வெள்ளை வட்டத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “ஞானத்துக்கு விசா வந்திட்டுது. அடுத்த ஞாயிறு இல்லை, அதுக்கு அடுத்த ஞாயிறு வந்து இறங்கிறா. ஏழு வருஷம் தனிய இருந்தவன் மோதிரமில்லாத கையோடை எயார்போட்டிலை போய் நிண்டால் அவ என்ன நினைப்பா, சொல்லுங்கோ பாப்பம்?”

எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இப்படி ஒரு வேலை எனக்கு வந்து சேர்ந்ததே! அன்றைக்கே அவரை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அன்ட்ராக் எழுதுவித்தேன். எங்கள் ஆட்களில் அந்த அனுமதியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மீசைக்காரர் அந்தக் கிழமை வேறு ஊரில். ஷெஃபின் என்னைப் பார்த்தார்.

“உங்கள் மொழியில் நீங்களே பயிற்சி கொடுக்க முடியுமா?”

“யா” என்றேன்.

அன்று பின்னேரம் விதித்தாளைத் தமிழில் எழுதினேன். கருவி பெரிய சத்தம் போட்டால் என்ன செய்வது என்பதன் முதல் வரி, ‘ரூஹே பெவாரன்’. ரூஹே எனக்குத் தெரியும், எங்கள் மாடிப்படியில் பலகையில் எழுதியிருந்தது, சத்தம் போடாதே, அமைதி என்று. ஆனால் சூசையண்ணைக்குப் போய் ‘அமைதியைப் பேணவும்’ என்று எழுதுவதா, அவர் என்ன வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளையா? எங்கள் பேச்சில் அழகான சொல் ஒன்று இருக்கிறதே என்று, ‘பெரிய சத்தம் கேட்டால் ஆறுதலாய்’ என்று எழுதினேன். அடுத்த வரியில் ‘பெர்கன்’ என்று ஒரு சொல், ‘ஒன்றையும் பெர்கன் செய்யக்கூடாது’. பெர்க் என்றால் மலை, அது எனக்குத் தெரியும். யோசித்து யோசித்து, ‘மண்ணை மலைபோல் குவிக்கக் கூடாது’ என்று எழுதினேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை. மூன்றாவது, சிவப்புக் கொடி குத்த வேண்டும். நாலாவது, கூப்பிட வேண்டும்.

சூசையண்ணைக்கு ஒவ்வொன்றாய் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் “ஓம் தம்பி, ஓம்” என்றார். என்ன விளங்கியது, திருப்பிச் சொல்லுங்கோ என்று கேட்கிற கட்டம் வந்தது. வாய் வரவில்லை, பிள்ளைகளே. தபால் அதிபராய் இருந்த மனிதரிடம், என்னை விடப் பதினைந்து வயது மூத்தவரிடம், பாடம் ஒப்புவியுங்கோ என்று எப்படிக் கேட்பது? தமிழில்தானே சொன்னேன், தமிழருக்குத் தமிழ் விளங்காதா? கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலை. நல்ல வெயில். பூங்காவில் ஊஞ்சல் நிறையப் பிள்ளைகள், தள்ளுவண்டியோடு தாய்மார். நான் இருநூறு அடி தள்ளிப் பூப்பாத்தியில் நின்றேன். நிமிர்ந்து பார்க்கிறேன், விளையாட்டு நடந்த புல்வெளியின் ஓரத்தில் சிவப்புக் கொடி பறக்கிறது. அட, மோதிரத்தை எடுத்துவிட்டாரா! கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாய்ப் போனேன்.

“வாங்கோ தம்பி, வாங்கோ! காது கிழியிற சத்தம்! கொடி குத்திப் போட்டன், பாத்தியளோ?”

சூசையண்ணை முழங்காலில் நின்று, கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு, கைக்கரண்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, என்ன செய்யிறியள்?”

“என்ன செய்யிறதோ? நீங்கள் சொன்ன மாதிரித்தான். ஆறுதலாத் தோண்டுறன். மண்ணையும் குவிக்கேல்லை. பாருங்கோ, பாய் விரிச்ச மாதிரிப் பரப்பி விட்டிருக்கிறன்.”

பரப்பித்தான் இருந்தார். இவ்வளவு அழகாய்த் தோண்டிய குழியை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. அதன் அடியில் துரு நிறத்தில், என் முன்னங்கை அளவு தடிப்பில் ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் கூர். அதன் மேல் அவருடைய வலது கை, தூசி துடைத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது. ஆறுதலாய் என்றால் பதறாமல் இரு என்றும் வரும், அவசரப்படாமல் மெல்ல மெல்லச் செய் என்றும் வரும். ‘ஆறுதலா வாங்கோ’, ‘ஆறுதலாச் சாப்பிடுங்கோ’ என்று நாங்களே தினமும் சொல்லுகிறோமே! அவர் நான் எழுதியதை எழுத்துத் தவறாமல் செய்திருந்தார்.

கத்தினால் திடுக்கிடுவார். ஓடிப் போய் இழுத்தால் கரண்டி அதன் மேல் விழும். ஊரில் ஷெல் விழுந்த வளவுகளைப் பார்த்தவன் நான், வெடிக்காமல் கிடக்கிறதுதான் எல்லாவற்றிலும் கெட்டது என்று தெரியும். தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டில் கதைக்கிற மாதிரிக் குரலை இறக்கினேன்.

“அண்ணை, கையை அதிலை இருந்து மெல்ல எடுங்கோ. கரண்டியைக் கீழை வையாதேங்கோ. கையிலையே இருக்கட்டும்.”

“ஏன்? ரெண்டு நிமிஷம் தாங்கோ. இந்தக் குழாயை அரக்கினால் கீழை மோதிரம் இருக்கும்.”

“அது குழாய் இல்லை அண்ணை. ஷெல்.”

அந்தச் சொல்லை மன்னார்க்காரருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. கையை எடுத்தார். ஆனால் எழும்பவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞானம் அடுத்த ஞாயிறு வாறா, தம்பி. இவ்வளவு கிட்ட வந்திட்டு...”

“விரல் இருந்தால்தானே அண்ணை மோதிரம் போடலாம்.”

நான் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. அவர் தன் விரலில் இருந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். எழும்பினார். வந்த காலடியிலேயே கால் வைத்து என் பின்னால் வரச் சொன்னேன். வந்தார்.

இப்போது ஊஞ்சல் பிள்ளைகள். குண்டு என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் சனம் நாலு பக்கமும் ஓடும், நாலில் ஒரு பக்கம் குழிப்பக்கம். நான் பச்சை வேலையுடுப்பில் இருந்தேன். நேராய்ப் போய், கையை விரித்து, வாசல் பக்கம் காட்டி, “பூங்கா மூடப்படுகிறது, இந்தப் பக்கமாய், தயவுசெய்து” என்றேன். ஒரு தாய் ஏன் என்று கேட்டா. எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஜெர்மன் சொல்லைச் சொன்னேன். “அன்ஓர்ட்னுங்.” உத்தரவு. அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. முணுமுணுத்தபடி, ஆனால் வரிசையாய்ப் போனார்கள். சூசையண்ணை வாசலில் நின்று ஒவ்வொரு தள்ளுவண்டியாய்ப் படி இறக்கி விட்டார்.

கொட்டிலுக்கு ஓடி தொலைபேசியைச் சுழற்றினேன். ஊர் திரும்பியிருந்த மீசைக்காரர் கிடைத்தார். எவ்வளவு ஆழம், எவ்வளவு தடிப்பு, கூர் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். பிறகு கேட்டார்:

“யாராவது தொட்டார்களா?”

இந்த இடத்தைக் கவனமாய் வாசியுங்கள். ‘இல்லை’ என்று சொல்ல ஒரு நொடி போதும். சூசையண்ணையின் அட்டை தப்பும். என் கையெழுத்துத் தப்பும். கௌசி, வீட்டில் நீயும் உன் அம்மாவும். நகரசபை வேலை போனால் என் விசாவும் ஆட்டம் காணும். எனக்குள் அந்த ‘இல்லை’ முழுதாய் உருவாகி நாக்கு வரை வந்தது.

“யா. தொட்டார். கையால் துடைத்தார். பிழை என்னுடையது.”

“நல்லது” என்றார். “அப்படியானால் எட்ட நில்லுங்கள். இன்னும் எட்ட. வீதியையும் மறியுங்கள்.” தொட்டதைச் சொன்னதால்தான் அவர் வேறு முறையில் கிட்டப் போனார் என்று பிறகு சொன்னார். நான் மறைத்திருந்தால் ஆபத்து அவருக்குத்தான் வந்திருக்கும், எனக்கல்ல. பொய்யின் விலையைப் பெரும்பாலும் அதைச் சொன்னவன் கொடுப்பதில்லை, பிள்ளைகளே.

மத்தியானத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விமானத்தைச் சுடுகிற பீரங்கியின் குண்டாம். அத்தனை வருடம் மண்ணில் கிடந்தும் உயிரோடுதான் இருந்ததாம். மீசைக்காரர் முகம் கழுவிவிட்டு வந்து, நான் எழுதிய தமிழ்த் தாளைக் கேட்டார். அதைத் திரும்ப ஜெர்மனில் வாசித்துக் காட்டச் சொன்னார். ஷெஃபினும் பக்கத்தில்.

“பெரிய சத்தம் கேட்டால் மெதுவாக” என்று வாசித்தேன். “மண்ணை மலை மலையாகக் குவிக்கக் கூடாது.”

“மலையா?”

“பெர்க்... பெர்கன்...”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பெர்கன் என்றால் மண்ணிலிருந்து வெளியே எடுப்பது என்று சொன்னார். ‘ஒன்றையும் எடுக்கக் கூடாது’ என்பதுதான் அந்த வரி.

“அன்றைக்கு நீங்கள் ஓம் என்றபோது நான் சிரித்தேன்” என்றார். “கேட்டிருக்க வேண்டும். பாதிப் பிழை என்னுடையது.”

ஷெஃபின் பிழையைப் பங்கு பிரிக்கவில்லை. “இந்த அனுமதித் திட்டம் தொடருமா என்று மேலே என்னைக் கேட்பார்கள்” என்றார். “ஹெர் ராசா, தப்பாய் விளங்க முடியாத ஒரு தாளை வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். தப்பாய் விளங்கிய அதே மனிதர் அதை எனக்கு முன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் தொடரும். இல்லையென்றால் அவருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை, நீங்கள் திரும்பப் புல் வெட்டப் போகலாம்.”

ஞானமக்கா வருவது ஞாயிறு. வியாழனில் இவர் தவறினால் மோதிரம் மண்ணோடு போய்விடும்.

நான் உட்கார்ந்து எழுதினேன், வெட்டினேன், எழுதினேன். எவ்வளவு எழுதினாலும் ‘-ங்கோ’ வந்து ஒட்டிக்கொண்டது. மரியாதை கூடக் கூடச் சொல் நீளுது, நீள நீள வழுக்குது. கடைசியில் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு ஐந்து வரி எழுதினேன். நில். தொடாதே. தோண்டாதே. வந்த வழியே திரும்பு. கூப்பிடு.

வியாழக்கிழமை, முதல் நாள் மழை விட்டிருந்தது. கூரை ஒழுகி நனைந்த கயிற்றைக் கொட்டிலுக்கு வெளியே மர வாங்கில், அந்த நீண்ட இருக்கையில், காயப் போட்டிருந்தோம். ஷெஃபின் கொட்டில் வாசலில் கைகட்டி நின்றார். சூசையண்ணை சட்டை மாட்டி, தலை வாரி, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். தாளைக் கொடுத்தேன்.

“அண்ணை, இதிலை மரியாதை இல்லை. குறை நினையாதேங்கோ.”

வாசித்தார். தலையை ஆட்டினார். “ஷெல்லுக்கு என்ன மரியாதை, தம்பி.”

கருவியை இயக்கிக் கையில் கொடுத்தேன். காதொலிப்பானைக் கழற்றிவிட்டேன், சத்தம் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. நடந்து நடந்து தேடுகிற மாதிரிக் காட்டிக்கொண்டே விதியைச் சொல்ல வேண்டும். அவர் தடியை இடமும் வலமும் வீசியபடி தொடங்கினார்.

“பெரிய சத்தம் கேட்டால்...”

கருவி கீச்சென்று கத்தியது.

மெல்லிய, தெளிவான, மணி மாதிரி ஒரு சத்தம். தட்டு இருந்தது நிலத்துக்கு மேலே அல்ல, வாங்கின் பக்கத்தில். சூசையண்ணை கல்லாய் நின்றார்.

“நில்!” என்று தனக்குத்தானே கத்தினார். “தொடாதே! தோண்டாதே!” தடியைக் கிடத்திவிட்டு, காலடி பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே வந்து ஷெஃபினின் சப்பாத்தை மிதித்தார். “வந்த வழியே திரும்பு! தம்பீ, வாங்கோ! கூப்பிட்டிட்டன்!”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் ஷெஃபின்.

“ஐந்து விதியும் சொல்லிவிட்டார்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாய் இருந்தது. ஏனென்றால் நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மர வாங்கு, அதில் ஆணி இல்லை, மர முளை மட்டும். அதன் மேல் கயிறு.

“அண்ணை, கயிறு! நீங்கள் பிடிச்ச கயிறு!”

“நான் தொடமாட்டன். தொடாதே எண்டு எழுதியிருக்கு.”

ஷெஃபின் ஒன்றும் விளங்காமலே விளங்கிக்கொண்டார். முழங்காலில் நின்று, தட்டைக் கையில் எடுத்துக் கயிற்றின் நெடுக நகர்த்தினார். ஓரிடத்தில் கருவி அலறியது. இழை பிரிந்திருந்த இடம். இரண்டு பெருவிரலாலும் புரியை முறுக்கித் திறந்தார். அவர் உள்ளங்கையில் மோதிரம் விழுந்தது.

நாங்கள் போட்ட கூத்தைப் பார்த்து நாயோடு போன ஒரு மனிதர் நின்றுவிட்டார். நான் துள்ளினேன். சூசையண்ணை சிரித்தார், அழுதார், மோதிரத்தைக் கண்ணில் ஒற்றினார், பிறகு என் தோளில் ஓங்கி ஒரு அடி.

“உந்த வடத்தையல்லோ முதல் பாத்திருக்க வேணும், விசரா!”

“நீங்களும்தான் பாக்கேல்லை!”

“நான் தபால்காரன். நீதானே பூங்காக்காரன்!”

அவர் முதன்முதல் என்னை ‘நீ’ என்றது அன்றைக்குத்தான். நூறு பேரும் மண்ணைப் பார்த்தோம். கை கடைசியாய்ப் பிடித்திருந்தது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. தேடி வருகிறவர்களிடம் அதற்குப் பிறகு நான் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். கௌசி, உன் மேசையிலும் கேட்டுப் பார். பாதிப் பேருக்குத் தோண்டவே தேவை வராது.

ஷெஃபின் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். “தொடரலாம்” என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சூசையண்ணை விமான நிலையத்துக்குப் போனார். அடுத்த கிழமை அவரிடம் கேட்டேன், அக்கா மோதிரத்தைப் பார்த்தாவா என்று. “எங்க தம்பி! ‘ஏன் இப்பிடி விரலெல்லாம் மெலிஞ்சு போனியள்’ எண்டுதான் கேட்டவ” என்றார். அது கழன்றதற்குக் காரணமும் அதுதான் போலிருக்கிறது.

வியாழக்கிழமை எல்லாரும் போன பிறகு நான் செய்த ஒன்றை மட்டும் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. கயிற்றைச் சுருட்டி மாட்டினேன். குண்டு எடுத்த குழியை மூடி, விதை தூவி, காலால் மிதித்தேன். பிறகு அந்த வாங்கில் உட்கார்ந்து, என் பயிற்சித் தாளை, ‘விளங்கிக்கொண்டேன்’ என்று நான் பெயர் எழுதிய அந்தத் தாளை, மடிப்புப் பிரித்து முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். தெரியாத சொல் வரும்போதெல்லாம் பென்சிலால் அதன் கீழே கோடு போட்டேன். பெர்கன் தவிர இன்னும் ஏழு கோடு விழுந்தது. அந்த ஏழுக்கும் கீழே, தெளிவாய், என் கையெழுத்து இருந்தது.